புதிய பதிப்பு வரும் முன் பழைய சரக்கு: கடைக்காரரின் மௌனம் ஆகுமானதா?

2025 செப்டம்பர் கடைசியில், ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சுரக்குடியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஹஜ்ரத், பையன் ரெண்டு பெருநாள் காசையும் செலவழிக்காம சேர்த்து வெச்சிருந்தான். மீதியை நான் போட்டு, பிளே ஸ்டேஷனுக்கு ஃபுட்பால் கேம் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். நாலாயிரத்துச் சொச்சம். ரெண்டு வாரம் ஆகலை, அதுலயே புதுசு வந்துடுச்சு. எங்ககிட்ட இருக்கிறதை இப்ப பாதி விலைக்குக்கூட யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை சொல்லலையே. இது ஏமாத்து இல்லையா?"

பக்கத்தில் நின்ற இன்னொரு சகோதரர் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் விடவில்லை. "வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'அடுத்த மாசம் புதுசு வருது, பொறுங்க'ன்னு சொன்னா, எங்ககிட்ட இருக்கிற ஸ்டாக்கை யாரு வாங்குவா? கடை வாடகையை யாரு கட்டுவா ஹஜ்ரத்?"

இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நம் குடும்பங்களில் இரண்டு தரப்பும் உண்டு. அண்ணன் கடையில் விற்பவராக இருப்பார், தம்பி அதே பொருளை வேறு கடையில் வாங்குபவராக இருப்பார். ஆகவே அவசரமாக ஹலால், ஹராம் என்று சொல்லிவிடாமல், இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

சரக்கு எப்படி நகர்கிறது?

அந்தச் சகோதரர் வாங்கியது இ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டு. சுமார் 30 ஆண்டுகள் ஃபிஃபா என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது. ஃபிஃபா அமைப்புடனான ஒப்பந்தம் முடிந்ததால் 2023 முதல் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. என்று பெயர் மாறியது. ஆண்டுக்கு ஒரு பதிப்பு வருகிறது. 2023-ல் செப்டம்பர் 29, 2024-ல் செப்டம்பர் 27, 2025-ல் செப்டம்பர் 26 என, எப்போதும் அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதான். தேதியை ஜூலை மாதமே அறிவித்துவிடுகிறார்கள்.

அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையில் சுமார் பத்து வாரங்கள் இருக்கின்றன. பழைய சரக்கைத் தீர்ப்பது இந்த வாரங்களில்தான் நடக்கிறது. வெளியீட்டாளர் பழைய பதிப்பை மேலும் அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறார். இணையக் கடைகளில் அதன் விலையை வெட்டுகிறார். புதிய பதிப்புக்கு முன்பதிவுப் பணம் வாங்கத் தொடங்குகிறார். பெரிய கடைகளும் இணைய விற்பனைத் தளங்களும் இந்த விலைக்குறைப்பைத் தாங்கும் அளவுக்கு வெளியீட்டாளரிடமோ மொத்த விநியோகஸ்தரிடமோ பேசி ஏதாவது சலுகை வாங்கிக்கொள்ளும். சிறு கடைக்காரருக்கு அந்த வலு கிடையாது. அவர் அலமாரியில் இருக்கும் ஐந்து டிஸ்க்கும் அவர் கைக்காசு. புதிய பதிப்பு வரும் நாளில் அந்தக் காசில் பாதி போய்விடும்.

அதனால் அந்தப் பத்து வாரத்தில் அந்த ஐந்தும் போயாக வேண்டும். யாரிடம் போகும்? விளையாட்டைப் பற்றி விவரம் தெரிந்த இளைஞர் வாங்க மாட்டார், புதியதற்குக் காத்திருப்பார். முழு விலை கொடுத்து வாங்குபவர், மகன் கேட்டான் என்பதற்காகக் கடைக்கு வரும் தகப்பனார்தான். இந்த ஏற்பாட்டின் சுமை கடைசியில் விவரம் தெரியாதவர் தலையில் இறங்குகிறது. அந்தச் சகோதரரின் மனவருத்தத்துக்குக் காரணமும் இதுதான்.

ஏன் வாய் திறப்பதில்லை?

வியாபாரிகள் மௌனம் காப்பதற்குப் பின்னால் உண்மையான ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வணிக உலகில் வைத்திருக்கும் பெயருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு.

ஆடம் ஆஸ்பர்ன் என்பவர் 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன், திருவண்ணாமலை ரமண மகரிஷியின் அன்பர். அதனால் ஆடமின் சிறுவயது தமிழ்நாட்டில் கழிந்தது. பின்னாளில் அமெரிக்காவில் கணினி நிறுவனம் தொடங்கி, 1981-ல் ஆஸ்பர்ன் 1 என்ற கணினியைக் கொண்டுவந்தார். கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினி என்று விற்பனைக்கு வந்து பெரும் வெற்றி பெற்ற முதல் கணினிகளில் ஒன்று அது. எடை சுமார் 11 கிலோ, விலை 1,795 டாலர். விற்பனை ஓகோவென்று நடந்தது. 1983 தொடக்கத்தில், இதைவிட நல்ல மாடல் வரப்போகிறது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கடைகள் பழைய மாடலுக்கான ஆர்டரை நிறுத்தின, வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. 2003-ல் அவர் கொடைக்கானலில் காலமானார்.

புதியதை முன்கூட்டிச் சொல்லி இருப்பதை விற்க முடியாமல் போவதை இன்றும் 'ஆஸ்பர்ன் விளைவு' என்கிறார்கள். போட்டி நிறுவனங்கள் மலிவாக விற்றதும், மிஞ்சிய பழைய பாகங்களைத் தீர்க்கப் பெரும்பணம் செலவழித்ததும்கூட வீழ்ச்சிக்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. என்றாலும் வணிகர்கள் மனதில் பதிந்தது 'சொன்னான், கெட்டான்' என்ற பாடம்தான். செல்போன் கடைச் சகோதரர் கேட்டதும் அதே பயத்தில்தான்.

விலையைக் குறைத்தவர்களும் சொல்லி விற்றவர்களும்

மௌனமும் முழு விலையும் மட்டுமே வழியா? நம் நாட்டிலேயே வேறு வழிகளையும் பார்த்திருக்கிறோம்.

பிளே ஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ல் வந்தது. 2023 ஜூலை கடைசியில், 54,990 ரூபாய்க்கு விற்ற அந்தப் பெட்டியைச் சில நாட்களுக்கு 47,490 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அக்டோபரில் உருவம் சிறுத்த புதிய மாடல் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு 2024 ஏப்ரல் 5-ல்தான் வந்தது. ஜூலையில் வாங்கியவருக்குப் புதிய மாடல் பற்றித் தெரிந்திருக்காது. ஆனாலும் 7,500 ரூபாய் குறைவாகக் கொடுத்து வாங்கினார். வாயால் சொல்லாத ஒன்றை விலை ஓரளவு சொல்லிவிட்டது.

2017-ல் நடந்தது இன்னும் வெளிப்படையானது. புகை அளவுக்கான பி.எஸ்-4 விதி ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஆனால் பி.எஸ்-3 வாகனங்கள் சுமார் 8.24 லட்சம் விற்காமல் நின்றன. அவற்றில் 6.71 லட்சம் இருசக்கர வாகனங்கள். இருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க அனுமதி வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டன. மார்ச் 29-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கம்பெனியின் லாபத்தைவிட மக்களின் ஆரோக்கியமே முக்கியம் என்பது தீர்ப்பின் சாரம். மிச்சமிருந்த இரண்டு நாட்களில் பைக் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதியது பலருக்கு நினைவிருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேலும் தள்ளுபடி கொடுத்தார்கள். ஏன் தள்ளுபடி, இன்று வாங்கினால் என்ன நன்மை, நாளை என்ன சிக்கல் என்பது அன்று வாங்கிய எல்லோருக்கும் தெரியும். பழைய மாடலை, பழையது என்று தெரிந்தே, மனம் ஒப்பி வாங்கினார்கள். சரக்கும் பெருமளவு தீர்ந்தது.

உண்மையைச் சொன்னால் சரக்கு போகாது என்பது எப்போதும் சரியல்ல என்பதற்கு அந்த இரண்டு நாட்களே சாட்சி. பழைய விலைக்குத்தான் போகாது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இப்போது கேள்விக்கு வருவோம். மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பொருளில் குறை இருப்பது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான இந்த ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்ததே. குறையைச் சொல்வது கடமை. சொல்லாமல் விற்றால், தெரியவந்தபின் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஃபிக்ஹில் இதற்கு 'கியாருல் ஐப்' என்று பெயர்.

இரண்டாவது, பொருளில் குறை இல்லை, அதன் விலை மட்டும் இறங்கப் போகிறது. வாங்கியபின் விலை இறங்கியது என்பது மட்டுமே காரணமாக வைத்து வியாபாரத்தை முறிக்க முடியாது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், அதிக விலை கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தராது. ஆகவே அந்தச் சகோதரர் செய்த வியாபாரம் செல்லும். கடைக்காரர் வாங்கிய பணத்தை ஹராம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் 'செல்லும்' என்பதோடு மார்க்கம் நின்றுவிடுவதில்லை. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை, சந்தைக்கு வரும் முன்பே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து விலை தெரிந்தபின் முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அந்த வணிகருக்குக் கொடுத்தார்கள். அங்கே சரக்கில் எந்தக் குறையும் இல்லை. ஒருவருக்குச் சந்தை நிலவரம் தெரியும், மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த அறியாமையைக் காசாக்குவதைத்தான் நபிகளார் தடுத்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். பஸராவில் தாபியீன்களில் ஒருவர் சர்க்கரை வியாபாரம் செய்தார். ஸூஸ் என்ற ஊரில் இருந்த அவருடைய ஆள், இந்த ஆண்டு கரும்பில் நோய் விழுந்துவிட்டது, சர்க்கரையை வாங்கிப் போடுங்கள் என்று எழுதினார். அவரும் நிறைய வாங்கினார். விலை ஏறியபோது முப்பதாயிரம் லாபம். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. லாபம் கிடைத்தது, ஆனால் ஒரு முஸ்லிமுக்கு நலம் நாடும் கடமையை இழந்துவிட்டோமே என்று வருந்தினார். காலையில் சர்க்கரை விற்றவரிடம் பணத்தை எடுத்துச் சென்றார். உங்களிடம் வாங்கும்போதே எனக்கு விஷயம் தெரியும், மறைத்துவிட்டேன் என்றார். அவரோ, இப்போது சொல்லிவிட்டீர்கள், நான் பொருந்திக்கொண்டேன் என்றார். வீடு திரும்பியும் மனம் ஒப்பவில்லை. வெட்கப்பட்டுச் சொல்லியிருப்பாரோ என்று மறுநாள் மீண்டும் போய் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தச் சம்பவத்தில் சர்க்கரையில் குறை இல்லை, எடையில் குறை இல்லை. விலை ஏற்றம் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. புதிய பதிப்பு வருவதை அறிந்த கடைக்காரர் இதே இடத்தில்தான் நிற்கிறார், திசை மட்டும் வேறு. விலை ஏற்றத்தை விற்பவரிடமும் விலை இறக்கத்தை வாங்குபவரிடமும் மறைத்து, எதிரில் நிற்பவரின் கவனமின்மையைப் பயன்படுத்திக்கொள்வது அநீதி என்பதே இமாம் அவர்களின் கருத்து.

மூன்றாவது, வெறும் யூகம். 'புதுசு வரலாம்' என்ற பேச்சையெல்லாம் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிறுவனமே தேதி அறிவித்துவிட்டதற்கும் வதந்திக்கும் வேறுபாடு இருக்கிறது.

இந்த மூன்று நிலையிலும் ஒன்று பொது. வாங்குபவர் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. "புதுசு எதுவும் வராது, தைரியமா வாங்குங்க" என்று தெரிந்தே சொன்னால் அது மோசடி. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

பழைய பதிப்பே குறையாக மாறும்போது

சில விளையாட்டுகளில் பழைய பதிப்பு என்பது விலையோடு முடிவதில்லை. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டு 2014-ல் வந்தது. இணைய இணைப்பு இல்லாமல் அது இயங்காது. 2023 டிசம்பரில் இணையக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். அன்று முதல், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கும் வேலை செய்யவில்லை. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் அந்த டிஸ்க்கை, செய்தி தெரிந்தும் சொல்லாமல் விற்றவர் நனைந்த தானியத்தை விற்றவரைப் போன்றவர். அது முதல் நிலை, அங்கே திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதே என் கருத்து.

கால்பந்து விளையாட்டிலும் பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. உள்ளே 'பேக்' என்று விற்கிறார்கள். காசு கொடுத்துத் திறந்தால் எந்த வீரர் வருவார் என்பது அதிர்ஷ்டம். சூதாட்டத்தின் சாயல் உள்ள இந்த முறையைப் பெல்ஜியம் 2018-ல் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்படிச் சேர்த்த வீரர்கள் அடுத்த பதிப்புக்கு வருவதில்லை. செப்டம்பரில் மீண்டும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். பிள்ளையின் கையில் அத்தாவின் கார்டு எண் இருக்கும் வீடுகளில், டிஸ்க்கின் விலையைவிட இது பெரிய செலவு. ஹராமின் வாசல் என்பதால் முதலில் நிறுத்த வேண்டியதும் இதுதான்.

விளையாட்டோடு முடியவில்லை

கேம் வாங்காத வீடுகள் நிறைய உண்டு. பாடநூல் வாங்காத வீடு உண்டா? புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளில் 6-ம் வகுப்புக்கு மேல் தமிழ்நாடு பாடத்திட்டம்தான் இருந்து வந்தது. 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ.க்கு மாறினோம். அடுத்த ஆண்டே என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 3 மற்றும் 6-ம் வகுப்புகளுக்குப் புதிய நூல்களைக் கொண்டுவந்தது. அவை கல்வியாண்டு தொடங்கிய பிறகே கைக்கு வந்தன. 2025-ல் 4, 5, 7, 8 வகுப்புகளின் நூல்கள் மாறின. அக்கா படித்த புத்தகம் தம்பிக்கு ஆகவில்லை. தனியார் வெளியிடும் உரைநூல்களும் வினா வங்கிகளும் ஒரே ஆண்டில் பழையதாகின.

பாடநூல் மாறப்போகிறது என்று தெரிந்தும் பழைய உரைநூலை முழு விலைக்கு ஒரு தாயிடம் விற்பது, விளையாட்டு டிஸ்க்கைவிடக் கடுமையான விஷயம். டிஸ்க் பழையதானாலும் பையன் விளையாடலாம். பாடம் மாறிய உரைநூலை வைத்துத் தேர்வு எழுத முடியாது. பொருள் எதற்காக வாங்கப்படுகிறதோ அந்த நோக்கமே நிறைவேறவில்லை என்றால், ஃபிக்ஹின் பார்வையில் அது குறைதான்.

இரு தரப்பும் செய்ய வேண்டியது

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு: தேதி அறிவிக்கப்பட்டுவிட்டால் அது ரகசியம் அல்ல. 'இது பழைய பதிப்பு, புதியது இந்தத் தேதியில் வருகிறது, ஆகவே இந்த விலை' என்று ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். விநியோகஸ்தர் நம்பிக்கையின் பேரில் சொன்ன, இன்னும் வெளியாகாத செய்தி என்றால் அது அமானிதம், அதை உடைக்க வேண்டாம். ஆனால் "அவசரம் இல்லன்னா கொஞ்சம் பொறுத்து வாங்குங்க" என்று சொல்லலாமே. அதில் எந்த அமானிதமும் உடையாது. அதைவிட முக்கியம், புதியது வரும் மாதங்களில் பழையதைக் குறைவாகக் கொள்முதல் செய்வது. அலமாரியில் இரண்டு இருந்தால் உண்மை சொல்வது எளிது. இருபது இருந்தால்தான் நாக்கு தடுமாறும்.

வாங்குபவர்களுக்கு: மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த ஆண்டின் பதிப்பு? அடுத்தது எப்போது? இணையம் இல்லாமல் இயங்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பொய்யான பதில் சொல்லி விற்றால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையை நமக்குத் தந்திருக்கிறது. இன்னொன்று, புதியதுதான் வேண்டும் என்ற பிள்ளையின் பிடிவாதத்துக்கு ஒவ்வொரு முறையும் இணங்க வேண்டியதில்லை. அக்டோபரில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய பதிப்பைத் தெரிந்தே வாங்குவது சிக்கனம். போதுமென்ற மனதைப் பிள்ளைக்குப் பழக்கவும் அது ஒரு வாய்ப்பு.

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இதுதான். வியாபாரம் செல்லும், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் கடைக்காரர் உங்களுக்கு நலம் நாடவில்லை, அவர் அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும். செல்போன் கடைச் சகோதரரிடம் சொன்னது: வாடகை கட்ட வேண்டும் என்பது உண்மை, அந்த வாடகைக்கு ரிஸ்க் அளிப்பவன் யார் என்பதையும் மறக்க வேண்டாம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவர் தலையசைத்தார். கடையில் இரண்டு மாடல் போன்கள் இப்படித்தான் இருக்கின்றன, விலையைக் குறைத்து எழுதி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வல்ல அல்லாஹ் நம் கடைகளிலும் நம் வீடுகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.